யுகுலேலே: விரலால் மீட்டும்போது கார்டு மாறினால் வலது கை நின்றுவிடுகிறது

கல்பட்டறை (ஆத்தங்குடி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் ஆத்தங்குடி. அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தரைக்கல் (டைல்ஸ்) போடும் பட்டறை. நானும் பதினைந்து வருடமாக அதில்தான் இருக்கிறேன். கிட்டார் மாதிரி சின்ன நாலு கம்பி வாத்தியமான யுகுலேலே கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கன்சர்ட் அளவு, திருச்சியில் வாங்கியது. யாரிடமும் போய்க் கற்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். சி, ஏ மைனர், எஃப், ஜி செவன் என்ற நான்கு கார்டும் (பல சுரம் சேர்ந்து ஒலிக்க விரல் வைக்கும் பிடி) தடுமாறாமல் பிடிப்பேன். ஸ்ட்ரம்மிங், அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்துத் தட்டுவது, நன்றாகவே வரும்.

இப்போது விரலால் மீட்டப் பழக வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பாப்பாவுக்கு இன்றைக்கு 74 நாள். அம்மாதான் தொட்டில் ஆட்டித் தாலாட்டுகிறார். அம்மா பாடி நான் கேட்டது என் சின்ன வயதில், தங்கை தொட்டிலில் கிடந்தபோது. இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாரோ, ஒரு கண்ணி விடாமல் அப்படியே வருகிறது. மாமன் அடிச்சானோ, அத்தை அடிச்சாளோ என்று வரிசையாக ஒவ்வொரு உறவாகக் கேட்டுக்கொண்டே போவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு நாள் ஸ்ட்ரம் பண்ணிப் பார்த்தேன். நாலு தட்டுத் தட்டுவதற்குள் பாப்பா கண்ணைத் திறந்துவிட்டாள். அம்மா பாட்டை நிறுத்தாமலே கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டினால் சத்தம் தொட்டிலைத் தாண்டாது என்று அன்றிலிருந்து அதையே பழகுகிறேன். ஆறு வாரம் ஆகிவிட்டது, மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வீடியோவில் சொல்லிக் கொடுத்த வரிசை 4-3-2-1. கட்டை விரலுக்கு நான்காம் கம்பி, ஆள்காட்டிக்கு மூன்று, நடுவிரலுக்கு இரண்டு, மோதிர விரலுக்கு ஒன்று. சி கார்டிலேயே இருந்தால் அரை மணி நேரம்கூட வாசிப்பேன். எஃப்-க்குப் போகிற இடத்தில் வலது கை அப்படியே நின்றுவிடுகிறது. இடது கை போய் உட்கார்ந்த பிறகுதான் மறுபடி கிளம்புகிறது. ஒரு நொடிதான், ஆனால் அதற்குள் அம்மா பாட்டு என்னை விட்டுப் போய்விடுகிறது.

பட்டறையில் என் கை இப்படி நிற்காது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சின்ன அகப்பையில் கலரை எடுத்து ஒவ்வொரு கட்டமாக ஊற்றிக்கொண்டே வருவேன். பச்சை முடிந்து காவி, காவி முடிந்து மஞ்சள். ஆட்களோடு பேசிக்கொண்டேதான் ஊற்றுவேன், ஒரு சொட்டு அடுத்த கட்டத்துக்குப் போகாது. அச்சைத் தூக்குவதும் ஒரே மூச்சில். நடுவில் நின்றால் கலர் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அவ்வளவு பழகிய கை இங்கே மட்டும் ஏன் நிற்கிறது என்று புரியவில்லை.

இரண்டாவது, கிட்டார்காரர்கள் கட்டை விரலை வைத்ததும் கனமாக ஒரு நாதம் வருகிறது. என்னுடையதில் கட்டை விரல் கம்பி மணி மாதிரி மேலே கேட்கிறது. டியூனிங் தப்பா?

மூன்றாவது, என் நகம். சிமெண்டிலும் தண்ணீரிலும் கிடந்து தேய்ந்து போனது, வளரவே வளராது. நகம் இல்லாமல் இது வருமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

தேவகோட்டை கிட்டார் எழுதியது:

அண்ணே, டியூனிங்கில் தப்பே இல்லை. யுகுலேலேயில் நான்காம் கம்பி மேல் ஜி. ஹெர்ட்ஸ் கணக்கில் 4, 3, 2, 1 வரிசையில் 392, 261.6, 329.6, 440. அதாவது நான்காம் கம்பி இரண்டாம் கம்பியைவிடவும் உயரம். இருப்பதிலேயே தாழ்ந்தது மூன்றாம் கம்பியின் சி. இப்படி உயர்ந்து, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறுகிற முறைக்கு ரீ-என்ட்ரன்ட் டியூனிங் என்று பெயர். கிட்டார் வரிசையை அப்படியே இதில் போட்டால் கட்டை விரலில் கனம் வராது. நானும் கிட்டாரிலிருந்து இதற்கு வந்தவன்தான், முதல் மாதம் எனக்கும் இதே குழப்பம்.

இதன் பிறப்புக் கதை தெரிந்தால் வாத்தியத்தின் மேல் பிரியம் கூடும். 1879 ஆகஸ்ட் 23-ம் தேதி ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மடீரா தீவு ஆட்கள் ஹவாயின் ஹொனலுலுவில் வந்து இறங்கினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்காக வந்தவர்கள். மச்சேட்டே என்ற சின்ன நாலு கம்பி வாத்தியம் அவர்களோடு வந்தது. அவர்களில் மரவேலை தெரிந்தவர்கள் பிறகு ஹொனலுலுவில் அந்த மாதிரியில் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஹவாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர்தான் யுகுலேலே. துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம் சொல்வார்கள்.

உங்களுக்குக் கனமான நாதம்தான் வேண்டும் என்றால் நான்காம் கம்பியை மட்டும் லோ ஜி கம்பியாக மாற்றிவிடுங்கள். அது 196 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி கீழே. தாலாட்டுக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். கம்பி கொஞ்சம் தடிமனாக இருக்கும், தலைப்பக்கம் இருக்கிற வெட்டில் உட்காரவில்லை என்றால் கடைக்காரரிடம் கொடுத்து லேசாக அராவிக்கொள்ளுங்கள்.

விரலைப் பொறுத்தவரை, நான்கு கம்பிக்கு நான்கு விரல் என்பதும் சரியான முறைதான். ஆனால் கட்டை விரலுக்கு 4-ம் 3-ம், ஆள்காட்டிக்கு 2, நடுவிரலுக்கு 1 என்று மூன்று விரலில் தொடங்கினால் கை சீக்கிரம் அமையும். மோதிர விரல் பலம் குறைந்த விரல், அதை அப்புறம் சேர்க்கலாம்.

* * *

ரைஸ்மில் கணக்கு (புதுவயல்) எழுதியது:

நகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் நாலு வருடமாக நகம் இல்லாமல்தான் வாசிக்கிறேன். யுகுலேலேக்கு நைலான் கம்பி, இரும்புக் கம்பி போல விரலை வெட்டாது. நுனிச் சதையால் மீட்டினால் நாதம் மெதுவாகவும் உருண்டையாகவும் வரும், தூங்கும் குழந்தைக்கு அதுதான் வேண்டும். கிட்டார் மேதை ஃபிரான்சிஸ்கோ டாரேகாவே கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால்தான் வாசித்தார்.

உங்களுக்குச் சிமெண்ட் வேலை என்பதால் விரல் நுனி சொரசொரவென்று இருக்கும், கம்பியில் உரசி ஒரு சத்தம் வரும். ராத்திரி கையைக் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுங்கள். எண்ணெய்க் கையோடு கம்பியைத் தொட வேண்டாம், கம்பி மழுங்கிவிடும்.

இன்னொன்று, யுகுலேலேயைப் பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் என்னுடையதை மத்தியானம் முழுக்கக் காருக்குள் விட்டுவிட்டேன். கம்பி கட்டுகிற பிரிட்ஜ் பசை இளகித் தூக்கிக்கொண்டது. ஒட்டித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் பழைய நாதம் வரவில்லை.

* * *

வளவு வீணை (காரைக்குடி) எழுதியது:

தம்பி, நான் யுகுலேலே கற்றவள் இல்லை. பள்ளியில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள், நாற்பது வருடமாக வீணை வாசிக்கிறேன். பேத்தி லீவுக்கு வந்தபோது தன்னுடைய யுகுலேலேயை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். ஒரு வருடமாக அது என் மடியில்தான் இருக்கிறது. அதில் நானாகக் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

முதலில் அந்த நான்காம் கம்பி. தேவகோட்டைத் தம்பி அதை மாற்றச் சொல்கிறார். நான் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வீணையில் வாசிக்கும் கம்பி நான்கு, பக்கத்தில் தாளக் கம்பி மூன்று. அந்த மூன்றையும் சுண்டு விரலால் அவ்வப்போது தொட்டுக்கொண்டே இருப்போம். ச-வும் ப-வும் ஓயாமல் பின்னால் ஒலிக்கும், பாட்டு அதன் மேல் நடக்கும். உன் யுகுலேலேயில் மூன்றாம் கம்பியை ச என்று வைத்துக்கொண்டால் நான்காம் கம்பி சுத்தமான ப. எனக்கு அது தாளக் கம்பியாகத்தான் காதில் விழுகிறது. கனமான நாதத்தை அதனிடம் தேடினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மேலே நின்று சுருதி கொடுக்கிற வேலை அதற்கு.

நான் சொல்வதை நீயே வாசித்துப் பார். மூன்றாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டு, அது ச. அதே கம்பியில் இரண்டாம் ஃப்ரெட் (வீணையில் மெட்டு என்போமே, கழுத்தில் குறுக்கே இருப்பது), ரி. இரண்டாம் கம்பி சும்மா, க. நான்காம் கம்பி சும்மா, ப. முதல் கம்பி சும்மா, த. முதல் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், மேல் ச. மோகன ராகம் வந்துவிட்டது பார். ஆறு சுரத்தில் இரண்டுக்குத்தான் இடது கை வேண்டும். வலது கைக்குக் கட்டை, கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு, நடு. இதை மெதுவாக ஏறி இறங்கு. க-வும் ப-வும் த-வும் வேறு வேறு கம்பியில் இருப்பதால் ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது சேர்ந்துகொள்ளும், கோயில் மணி ஓய்வதற்குள் அடுத்த மணி அடித்த மாதிரி. தாழ்ந்த கம்பி போட்டுவிட்டால் ப ஒரு ஸ்தாயி கீழே விழுந்து இந்த ஏணியில் நடுப்படி இல்லாமல் போய்விடும். ஒரு வாரம் காலையில் பத்து நிமிடம் மோகனம் மட்டும் வாசி. உன் கட்டை விரலுக்கு 3, 4 இரண்டு கம்பியும் கண்ணை மூடினாலும் தெரியும்படி ஆகிவிடும்.

இப்போது தாலாட்டு. 4-3-2-1 என்பது நாலு தட்டு. அம்மா பாடுகிற தாலாட்டு நாலில் நடக்கிறதா என்று காது கொடுத்துக் கேள். எனக்குத் தெரிந்த தாலாட்டெல்லாம் மூன்றில்தான் ஆடும், தொட்டில் ஆடுகிறதே அதே ஆட்டம். அதனால் தகிட தகிட என்று ஆறாக வைத்துக்கொள். 3-2-1, 4-2-1. த என்றால் கட்டை விரல், கி என்றால் ஆள்காட்டி, ட என்றால் நடுவிரல். முதல் த மூன்றாம் கம்பியில், இரண்டாவது த நான்காம் கம்பியில். கையில் வாசிப்பதற்கு முன்னால் வாயில் சொல்லு. மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பிள்ளையைத் தொட விடுவதற்கு முன்னால் சொல்ல வைப்பது சும்மா இல்லை. வாயில் நிற்காதது விரலில் நிற்காது. பட்டறையில் கலர் ஊற்றிக்கொண்டே சொல்லலாம், அதற்கு வாத்தியம் வேண்டாம்.

உன் பெரிய கேள்விக்கு வருகிறேன். வலது கை ஏன் நிற்கிறது? எட்டு மாதம் ஸ்ட்ரம் பண்ணிப் பழகினாய். ஸ்ட்ரம்மில் நான்கு கம்பியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும், அதனால் எல்லா விரலும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தால்தான் கார்டு. உன் இடது கை அதையே இங்கேயும் செய்கிறது, முழுக் கார்டும் அமையும்வரை வலது கையைக் காக்க வைக்கிறது. விரலால் மீட்டும்போது ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான் ஒலிக்கிறது. அடுத்து ஒலிக்கப்போகிற கம்பிக்கு உரிய விரல் மட்டும் வந்தால் போதும்.

சி-யிலிருந்து எஃப்-க்குப் போவதைப் பிரித்துப் பார். சி-யில் மோதிர விரல் முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கிறது. எஃப்-க்குப் போகும்போது முதல் த மூன்றாம் கம்பி, அதில் எஃப்-க்கு விரலே கிடையாது. தைரியமாக மீட்டு. அடுத்து கி, இரண்டாம் கம்பி, அதற்குள் ஆள்காட்டி முதல் ஃப்ரெட்டில் இறங்க வேண்டும். அடுத்து ட, முதல் கம்பி, அதற்குள் மோதிர விரல் எழுந்திருக்க வேண்டும். நான்காவதாகத்தான் நான்காம் கம்பி, அதற்குள் நடுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வர வேண்டும். மூன்று தட்டுக்கு அப்புறம் வரவேண்டிய விரலை நீ முதல் தட்டிலேயே இழுத்துக்கொண்டு வருகிறாய். கண்ணாடியில் எல்லாக் கலரையும் ஒரே வாளியிலா ஊற்றுகிறாய்? கட்டம் கட்டமாகத்தானே ஊற்றுகிறாய், அதே போல ஒவ்வொரு விரலாக வை.

இந்த ஏழு தட்டை மட்டும் திரும்பத் திரும்பச் செய். சி-யில் கடைசி மூன்று தட்டு, எஃப்-ல் முதல் நான்கு தட்டு, அவ்வளவுதான். ஒரு உட்காரலில் இருபது முறை. முழுப் பாட்டையும் முதலிலிருந்து வாசித்து வாசித்து அந்த இடத்தில் நிற்பதால் நிற்பதுதான் பழக்கமாகிறது.

தாளம் தட்டும் கருவி, மெட்ரோனோம், வாங்கப் போகாதே, தொட்டில் இருக்கிறது. விட்டத்தில் கட்டிய தொட்டில் ஒரு தனி ஊசல். கயிறு எத்தனை நீளமோ அதற்கு ஏற்ற நேரத்தில்தான் போய்வரும். பாப்பா எடை கூடினாலும் மாறாது, அம்மா கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் ஏறக்குறைய மாறாது. எட்டாம் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நூலில் கல்லைக் கட்டி இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். அம்மா இத்தனை நாள் தாளம் தப்பாமல் பாடுவதற்கும் அதுதான் துணை. முதல் வாரம் ஒரு போய்வரலுக்கு ஒரு தகிட. கை அமைந்த பிறகு போக ஒரு தகிட, வர ஒரு தகிட.

காரைக்குடி சகோதரர்கள் என்று பேர் பெற்ற வீணை சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாழ்ந்த ஊர் எங்களுடையது. மூத்தவர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர். வாத்தியத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு முறைதான் உண்டு என்று யாராவது உன்னிடம் சொன்னால் அவரை நினைத்துக்கொள்.

* * *

கல்பட்டறை எழுதியது:

ஆச்சி, கும்பிடுகிறேன். இதை மூன்று தரம் படித்தேன். மோகனம் வாசித்துப் பார்த்தேன். ப-வும் த-வும் சேர்ந்து ஒலித்தபோது தங்கை உள்ளேயிருந்து வந்து என்ன பாட்டு என்று கேட்டாள். அந்தக் கம்பியைத்தான் மாற்றிவிடலாமா என்று ஆறு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிலை அளந்தேன். விட்டத்திலிருந்து சேலை அடிவரை ஏழடி. இருபது போய்வரலுக்கு 58 நொடி. அம்மா ஆட்டும்போது ஒரு தரம், நான் ஆட்டும்போது ஒரு தரம் எண்ணினேன், இரண்டும் ஒன்றுதான்.

சி-எஃப் மாற்றம் ஐந்தாவது நாள் நின்றது. அதாவது, நிற்பது நின்றது. பட்டறையில் தகிட சொல்லிக்கொண்டே ஊற்றுகிறேன், பையன்களும் சேர்ந்து சொல்கிறார்கள்.

இப்போது வேறு ஒன்று. நான் சி-யில் வாசித்தால் அம்மா குரல் அதற்கு ஒட்டவில்லை. என்னோடு சேர்ந்து பாட முயன்றால் அம்மா மேலே எட்ட முடியாமல் நிறுத்திவிடுகிறார். டியூனர் செயலியை வைத்துப் பார்த்தபோது அம்மா வந்து நிற்கிற சுரம் ஜி என்று காட்டுகிறது. பாட்டை மாற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

* * *

வளவு வீணை எழுதியது:

பாட்டை மாற்றாதே. அம்மா நிற்கிற இடத்துக்கு நீதான் போக வேண்டும். ஜி என்றால் சுருதிக் கணக்கில் ஐந்து கட்டை, பெண் குரலுக்கு நல்ல சுருதி. அப்படியானால் இதுவரை ப என்று சொன்னோமே அந்த நான்காம் கம்பி இப்போது ச ஆகிவிட்டது. வரிசையைத் திருப்பிப் போடு: 4-2-1, 3-2-1. முதல் த நான்காம் கம்பியில்.

கார்டு ஜி-யும் சி-யும் போதும். ஜி-க்கு மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி, இரண்டாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல், முதல் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல். நான்காம் கம்பியும், இரண்டாம் கம்பியில் நீ பிடிக்கிற இடமும் இப்போது ஒரே சுரம். இரண்டும் துளி விலகினாலும் காதில் குத்தும், அதனால் வாசிக்கும் முன் அந்த இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொள். தாலாட்டுக்கு நாலைந்து கார்டு போடாதே. தாலாட்டு என்றால் நீலாம்பரி என்பார்கள் கச்சேரிக்காரர்கள், உன் அம்மாவின் பாட்டு எந்த இலக்கணத்துக்கும் கட்டுப்படாமல் தன் வழியில் இழைந்து போகும். அடிக்கடி கார்டை மாற்றினால் அந்த இழைவை நீ வெட்டுவாய். கண்ணியின் முடிவில், ஆராரோ என்று இழுக்கும் இடத்தில் மட்டும் சி-க்குப் போய் வா.

* * *

தேவகோட்டை கிட்டார் எழுதியது:

ஆச்சி சொன்ன மோகன வரிசையை நானும் வாசித்தேன். என் லோ ஜி யுகுலேலேயில் வரவில்லை, மேல் ஜி போட்ட, தம்பியின் பழைய சோப்ரானோ (சின்ன அளவு) யுகுலேலேயில்தான் வந்தது. இப்படிப் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வேறு வேறு கம்பியில் எடுப்பதற்கு காம்பனெல்லா என்று ஒரு பெயரே உண்டு. இத்தாலிய மொழியில் சின்ன மணி என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கிட்டாரிலும் ரீ-என்ட்ரன்ட் டியூனிங் இருந்தது, அப்போதே இந்த உத்தியும் இருந்தது. ஆச்சி சொல்லித்தான் நான் இதைத் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆனால் கனமான ஆண் குரலுக்கு வாசிக்கும்போது லோ ஜி நல்லது என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. அண்ணனுக்கு இப்போது அது வேண்டாம், அவ்வளவுதான்.

* * *

கல்பட்டறை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். நேற்று ராத்திரி ஒன்பதேகால் மணிக்கு அம்மா முதல் கண்ணியை எடுத்தபோது நானும் எடுத்தேன். பாப்பா தூங்கும்வரை, பதினோரு நிமிடம், நிற்கவில்லை. இரண்டு இடத்தில் தப்பான கம்பியைத் தொட்டேன், ஆனால் தகிட நிற்காததால் அது கடந்து போய்விட்டது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. என் சத்தம் அவருக்கு இடைஞ்சலாக இல்லை என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

பழகும்போது ஒன்று கவனித்தேன். ஜி-க்கும் சி-க்கும் இரண்டிலுமே நான்காம் கம்பியில் விரல் கிடையாது. திருப்பிப் போட்ட வரிசையில் முதல் த எப்போதும் அந்தத் திறந்த கம்பிதான். அது ஒலிக்கிற நேரம் முழுவதும் இடது கைக்கு ஓய்வு, அதற்குள் விரலை எடுத்து வைத்துவிடலாம். ஜி-யிலிருந்து சி-க்குப் போக மோதிர விரலை இரண்டாம் கம்பியிலிருந்து அதே மூன்றாம் ஃப்ரெட்டில் முதல் கம்பிக்கு நகர்த்தினால் போதும், மற்ற இரண்டையும் எடுத்துவிட வேண்டியதுதான். நகர்ந்த விரல் ட-வுக்குத்தான் தேவை, மூன்றாவது தட்டில். டி செவனுக்கு மட்டும் இது நடக்காது, அதில் நான்காம் கம்பிக்கு விரல் வேண்டும். அதை நான் சேர்க்கவில்லை, அம்மா பாட்டுக்கு அது தேவைப்படவும் இல்லை.

புதுவயல் அண்ணனுக்கும் நன்றி. எண்ணெய் போட ஆரம்பித்த பிறகு உரசல் சத்தம் குறைந்துவிட்டது.

ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் கூடம் முழுக்க அப்பா கையால் போட்ட கல். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு அந்தத் தரையில் பட்டு நான்காம் கம்பி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கிறது. மற்ற இரண்டு விரலும் மெதுவாகத்தான் வருகின்றன, கட்டை விரல்தான் அடங்க மாட்டேன் என்கிறது.

* * *

வளவு வீணை எழுதியது:

எங்கள் வீட்டு வளவிலும் உங்கள் ஊர்க் கல்தான், இங்கேயும் அப்படித்தான் கேட்கும். இரண்டு காரியம் செய். வலது கையை நாதத் துளைக்கு நேரே வைக்காமல், கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்துக்கு மேலே கொண்டு போ. அங்கே கம்பி தொளதொளவென்று இருக்கும், நாதம் தானாகவே மெத்தென்று வரும். அடுத்து, கட்டை விரலை நுனியால் கொக்கி போட்டு இழுக்காதே. பக்கவாட்டுச் சதையைக் கம்பி மேல் வைத்து, பாரம் கொடுக்காமல் நழுவ விடு. விரல் ஒரு நெல்மணி அகலத்துக்கு மேல் நகரக் கூடாது. நாளைக்குக் காலையில் நான்காம் கம்பியை மட்டும் ஐம்பது முறை இப்படி மீட்டு. ஐம்பதும் ஒரே அளவாகக் கேட்கிறதா என்று போனில் பதிந்து கேள், கூடத்தில் வேண்டாம், சாமான் அறையில் உட்கார்ந்து. கூடத்தின் எதிரொலியில் ஏற்ற இறக்கம் தெரியாது.

அது சரியான பிறகு அம்மா பாடும்போது ஒரு நாள் பதிந்து இங்கே போடு. மாமன் அடிச்சானோ என்கிற இடத்தில் என் அப்பத்தா ஒரு சுரம் கீழே இறங்குவார், உன் அம்மா எப்படிப் பாடுகிறார் என்று கேட்க வேண்டும்.